எட்டரை மணிக்கு வீடு திரும்பும் அப்பா எப்போது விளையாடுவது?

வாசகர் கடிதம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார். தேனிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. மகளுக்கு நான்கு வயது, அங்கன்வாடிக்குப் போகிறாள். மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். ஆறரை மணிக்கு வந்துவிடுவார். இவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு சேர எட்டரை ஆகிவிடும். மனைவி வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இவருடைய அம்மா. லைன் வீடு, இரண்டே அறை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள். நான்காயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. திரும்பும் பஸ்ஸில் மகன் போனைக் கேட்க, இவர் மறுக்க, அவன் "போரடிக்குதுப்பா" என்றிருக்கிறான். இவர் அடித்துவிட்டார். சில நாள் கழித்து, பள்ளியில் 'என் அப்பா' என்று எழுதச் சொன்ன கட்டுரையில், "எங்க அப்பா ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார். தூங்குவார்" என்று மகன் எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை என்கிறார்.

அவருடைய கேள்விகள்: ஏலச்சீட்டு போட்டாவது மாதம் ஒரு தடவை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகலாமா? ஓவர்டைமை விட்டுவிடலாமா? பிள்ளைகளோடு உருண்டு புரண்டால் அப்பன் மேல் பயம் போய்விடும் என்று அம்மா சொல்கிறாரே, அது உண்மையா? மகளோடு விளையாட உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே எனக்குச் சலித்துவிடுகிறது. என்னிடம்தான் ஏதாவது குறையா?

ஆலோசகரின் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களை உள்ளுக்குள் அதிகம் அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். உங்களிடம் குறை எதுவும் இல்லை. நான்கு வயதுக் குழந்தை ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதும், அது அப்படியே நடப்பதும்தான் அந்த வயதில் பெரிய சந்தோஷம். 12 மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த பெரியவருக்கு அது சலிப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. சலிக்கிறது என்பதற்காக எழுந்து போய்விட வேண்டியதும் இல்லை, முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டியதும் இல்லை. நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குறைக்கலாம் என்றால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஷீலா ஐபெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். இரண்டு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சேர்த்துச் செய்வது. அதில் பெற்றோருக்குக் கொடுக்கும் வீட்டுப் பயிற்சி தினமும் ஐந்து நிமிடம் விளையாடுவது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் குழந்தை தலைமை தாங்க வேண்டும், பெரியவர் பின்னால் போக வேண்டும். மூன்று விஷயங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள்: கேள்வி, கட்டளை, குறை. "இது என்ன கலர்?", "இப்படி வை", "இப்படியா வைப்பாங்க?" என்று நாம் சாதாரணமாகப் பேசும் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அதற்குப் பதிலாக அவள் செய்வதை வாய்விட்டுச் சொல்லலாம்: "ஓ, பொம்மைக்கு இட்லி ஊத்துறியா." அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லலாம். அவள் செய்வதை நீங்களும் செய்யலாம். நன்றாகச் செய்ததை, எது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுப் பாராட்டலாம்.

செய்து பாருங்கள், கேள்வி கேட்காமல் ஐந்து நிமிடம் இருப்பது முதலில் கஷ்டமாக இருக்கும். உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: "விளையாடும்போதே ஏபிசிடியும் சொல்லிக் கொடுத்துடலாம்னு பார்ப்பேன், அவ எந்திரிச்சுப் போயிடுவா." அவள் எழுந்து போவதன் காரணம் அந்த வரியிலேயே தெரிகிறது. விளையாட்டு என்று கூப்பிட்டுவிட்டுப் பாடம் நடத்தினால் குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும். ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 31ஆவது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்று தனியாகச் சொல்கிறது. இந்தியா 1992லேயே அதை ஏற்றுக்கொண்டது. கல்விக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. விளையாட்டிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டால்தான் அது பிரயோஜனம் என்று நாம் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

மாதம் ஒரு பயணம் வேண்டுமா?

சீட்டுப் போட வேண்டாம். மாதம் நான்காயிரம் ரூபாய்க்கு நீங்கள் எத்தனை ஓவர்டைம் செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளோடு ஒரு நாள் இருப்பதற்காக மாதத்தில் பல நாள் அவர்கள் தூங்கிய பிறகு வீடு திரும்புவது எந்த விதத்தில் சரி? சுற்றுலாவே கூடாது என்று சொல்லவில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கைக்காசில் போங்கள், நன்றாக இருக்கும். ஆனால் தினசரி இல்லாத சந்தோஷத்தை அதில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

அன்றைக்கு பஸ்ஸில் மகன் சொன்னதையும் கொஞ்சம் மாற்றி யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து வெயில், கூட்டம், வரிசை, சத்தம். ஒன்பது வயதுப் பையன் களைத்துப் போயிருக்கிறான். களைப்பு என்று சொல்ல அவனுக்கு வராது. கையில் பழகியதைக் கேட்கிறான், கிடைக்காதபோது வாயில் பழகிய வார்த்தையைச் சொல்கிறான். நீங்கள் செலவு செய்ததை அவன் மதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டீர்கள். அவனுக்கு அந்தக் கணக்கே தெரியாது.

கட்டுரையைப் பற்றியும் ஒன்று. அந்த வயதுப் பிள்ளைகள் பார்த்ததை எழுதுவார்கள். 'தூங்குவார்' என்பதில் குற்றச்சாட்டு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆறு நாள் உழைப்புக்குப் பிறகு உங்கள் உடம்புக்கு அந்தத் தூக்கம் தேவை. ஞாயிறு காலை பத்து மணி வரை தூங்குங்கள், அதைப் பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் அவர்களுடையது என்றும் சொல்லுங்கள். எழுந்ததும் அதைத் தட்டிக் கழிக்காமல் கொடுங்கள்.

எட்டரை மணிக்கு மேல் என்ன செய்யலாம்

இங்கேதான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள், இங்கேதான் செய்வதற்கும் நிறைய இருக்கிறது.

முதலில் வரிசையைப் பாருங்கள். ஓடி ஆடும் விளையாட்டு எல்லாம் நீங்கள் உள்ளே நுழைந்ததும் முதல் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். அப்புறம் சாப்பாடு. அப்புறம் அமைதியான விஷயங்கள். தூங்கப் போகும் நேரத்தில் குதிக்க வைத்தால் மகள் பத்தரை ஆனாலும் கண் மூட மாட்டாள், காலையில் மனைவிதான் அவளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டுக்காக அதைக் குறைக்க வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு மகளுக்கு உப்புமூட்டை போதும். முதுகில் ஏற்றிக்கொண்டு "உப்பு வேணுமா உப்பு" என்று அப்பத்தாவிடமும் அம்மாவிடமும் போய் விலை பேசுங்கள். அவர்கள் "இந்த உப்பு வேண்டாம், உப்பே கரிக்கல" என்று சொல்ல வேண்டும். பிள்ளை சிரித்து உருளும். தலையணைச் சண்டை, கட்டிப் புரளுவது எல்லாம் நல்லதுதான். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். ஒன்று, அவளை மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிச் சுழற்றாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழங்கை மூட்டில் பிடிமானம் குறைவு, சட்டென்று இழுத்தால் லேசாக விலகிவிடும். குழந்தை கையைத் தொங்கவிட்டபடி தூக்கவே மறுக்கும். அப்படி ஆனால் நீங்களே இழுத்துப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் உடனே சரிசெய்துவிடுவார். தூக்குவதாக இருந்தால் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்குங்கள். இரண்டாவது, கிச்சுக்கிச்சு மூட்டும்போது "போதும்" என்று அவள் சொன்ன அந்த நொடி நிறுத்துங்கள், சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரி. தன் உடம்பைப் பற்றித் தான் சொல்வதைப் பெரியவர்கள் கேட்பார்கள் என்று ஒரு பெண் குழந்தை முதலில் கற்றுக்கொள்ளும் இடம் அது.

மகனுக்கு இது எதுவும் பிடிக்காது, "சின்னப் புள்ள விளையாட்டு" என்பான். ஒன்பது வயதுக்கு விதி வேண்டும், போட்டி வேண்டும், திறமை காட்ட இடம் வேண்டும். நீங்கள் ஊரில் வளர்ந்தவர், ஆடு புலி ஆட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். 3 புலி, 15 ஆடு. புளியங்கொட்டை ஆடு, சோழி புலி. ஆடு எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிய பிறகுதான் நகரும், புலி தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை அசைய விடாமல் அடைக்க வேண்டும். இதில் இரண்டு பக்கமும் சமம் இல்லை என்பதுதான் நமக்கு வசதி. வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தால் ஒன்பது வயதுப் பையன் கண்டுபிடித்துவிடுவான், அவமானமாக நினைப்பான். அவனுக்கு எந்தப் பக்கம் சுலபமாக வருகிறதோ அதை அவனுக்கு விட்டுவிட்டு நீங்கள் மற்றப் பக்கம் முழு மூச்சாக ஆடுங்கள். ஒரு ஆட்டம் முடியவில்லை என்றால் காயை அப்படியே குறித்து வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். நாள் முழுக்க அடுத்த நகர்த்தலை யோசித்துக்கொண்டிருப்பான்.

இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்தே விளையாட வேண்டும் என்று நீங்கள் நினைப்பது கடிதத்தில் தெரிகிறது. "பெரியவன் அவளை அழவிடறான், அதோட விளையாட்டு முடிஞ்சுடுது" என்கிறீர்கள். ஐந்து வயது வித்தியாசத்தில் அது தினமும் ஒத்துவராது. மகளுக்கு ஐந்து நிமிடம், மகனுக்கு ஓர் ஆட்டம் என்று பிரித்துவிடுங்கள். நால்வரும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்றால் ராஜா ராணி சீட்டுக் குலுக்குங்கள். வாசிக்கத் தெரியாத மகள் அம்மாவின் கூட்டாளி.

உங்கள் வேலையிடத்திலேயே விளையாட்டுச் சாமான் கிடைக்கும், இதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நூல் தீர்ந்த கோன்களைக் கேட்டு வாங்கி வாருங்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு என்று அடுக்கி, கட்டிங் வேஸ்ட் துணியை இறுக்கிச் சுற்றிய பந்தால் அடித்து விழவைக்கலாம். துணிப்பந்து என்பதால் பக்கத்து வீட்டுக்குச் சத்தமும் போகாது. அப்பா துணி வெட்டும் இடத்திலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அங்கே உங்களுக்கு என்ன வேலை, ஒரே நேரத்தில் எத்தனை அடுக்குத் துணி வெட்டுவீர்கள், கத்தி எப்படி ஓடும் என்று மகன் கேட்பான். 'என் அப்பா' கட்டுரையில் எழுத அவனுக்கு நிறைய விஷயம் கிடைக்கும்.

அம்மா சொல்வதைப் பற்றி

பிள்ளைகள் அப்பாவுக்கு அடங்க வேண்டும் என்று உங்கள் அம்மா கவலைப்படுகிறார். அந்தக் கவலை நியாயமானது. விளையாடினால் அது கெட்டுவிடும் என்பதுதான் தவறு. விளையாட்டில் விதி இருக்கிறது, முறை இருக்கிறது, நேரம் முடிந்தால் நிறுத்துவது இருக்கிறது. "இன்னும் மூணு தடவை, அப்புறம் சாப்பாடு" என்று சொல்லி மூன்றாவது தடவையோடு நிறுத்துங்கள். அழுதாலும் நிறுத்துங்கள், திட்டாமல் நிறுத்துங்கள். சொன்ன சொல்லை மாற்றாத அப்பாவுக்குப் பிள்ளைகள் கட்டுப்படுவார்கள். பயத்தால் வரும் அடக்கம், பையன் உங்கள் உயரத்துக்கு வளரும் வரைதான்.

அம்மாவோடு வாதாட வேண்டாம், அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை பிள்ளைகள் அவர் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். போன் அவர்கள் கைக்குப் போவதும் அந்த நேரத்தில்தான், ஏனென்றால் அவருக்கும் முடியவில்லை. ஒரு பல்லாங்குழிப் பலகை வாங்கிக் கொடுங்கள், 14 குழி, புளியங்கொட்டை வீட்டிலேயே இருக்கும். பேரனிடம், "அப்பத்தாவை ஜெயிச்சுக் காட்டு பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்தில் ஆடலாம் என்பதால் அவருக்கு மூட்டுவலிக்கும் பிரச்சினை இல்லை.

போன்

மகன் போனுக்கு அடிமையாகிவிட்டானா என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தெருவில் பையன்கள் கூப்பிட்டால் போனைப் போட்டுவிட்டு ஓடுகிறான் என்கிறீர்களே, அது நல்ல அடையாளம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க. ஐந்திலிருந்து பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது. அந்த அளவுக்குள் கொண்டுவாருங்கள், ஆனால் நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது பிடுங்காதீர்கள். அப்பா வந்தால் போன் போகும் என்று ஆகிவிட்டால் உங்கள் வருகையே பிள்ளைக்குப் பிடிக்காமல் போய்விடும். எட்டு மணிக்கே போன் அலமாரிக்குப் போய்விடட்டும், அதை மனைவியும் அம்மாவும் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் வந்ததும் உங்கள் போனையும் அதே அலமாரியில் வையுங்கள். இது முக்கியம்.

தூக்கம், சாப்பாடு, பள்ளி, நண்பர்கள் எல்லாம் போனால் கெட்டுப்போகிறது, போன் இல்லாவிட்டால் நாள் கணக்கில் வெறி பிடித்தாற்போல் இருக்கிறான் என்ற நிலை வந்தால் மட்டும் தாமதிக்காமல் உதவி தேடுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஓவர்டைமும் உங்கள் மனைவியும்

ஓவர்டைமை மொத்தமாக விட்டுவிடுவது பற்றி நான் முடிவு சொல்ல முடியாது, வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் உங்களுக்குத்தான் தெரியும். என் கருத்து இதுதான்: வாரத்தில் ஒரே ஒரு நாள், அது எந்த நாள் என்று மேஸ்திரியிடம் பேசி முடிவு செய்து, ஒரு ஷிப்ட்டோடு வீட்டுக்கு வாருங்கள். வெளிச்சம் இருக்கும்போது பம்பரம் சுற்றவும், மொட்டை மாடிக்குப் போகவும் அந்த ஒரு மாலை போதும். ஷிப்மென்ட் நெருக்கடியில் முடியாமல் போகும் வாரங்கள் வரும். அன்று காலையிலேயே பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், "பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் நீண்ட கடிதத்தில் மனைவி இரண்டு இடத்தில்தான் வருகிறார்: சமைக்கும்போதும், வீட்டுப்பாடம் செய்ய வைக்கும்போதும். அவரும் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டுத்தான் வருகிறார். நான் சொன்ன எல்லாவற்றையும் நீங்கள் மட்டும் செய்தால், அப்பா என்றால் விளையாட்டு, அம்மா என்றால் வேலையும் திட்டும் என்று பிள்ளைகள் மனசில் பதிந்துவிடும். அது அவருக்குச் செய்யும் பெரிய அநியாயம். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது பாத்திரத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தைப் பிள்ளைகளோடு அவருக்குக் கொடுங்கள். எப்படி விளையாட வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தராதீர்கள். அவருக்குப் பாட்டுப் பிடித்தால் பாடட்டும், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கதை பேசினாலும் சரி. வெறுமனே படுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் அதுவும் சரி.

அடித்ததைப் பற்றி

இதை விட்டுவிடாதீர்கள். நாளாகிவிட்டது, அவன் மறந்திருப்பான் என்று நினைக்க வேண்டாம். ஆடு புலி ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, தங்கையும் அப்பத்தாவும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, மகனிடம் பேசுங்கள். "அன்னிக்கு பஸ்ல உன்னை அடிச்சது என் தப்பு. நீ களைச்சுப் போயிருந்தே, எனக்கு அது புரியல. இனிமே அடிக்க மாட்டேன்." இவ்வளவு போதும். செலவைப் பற்றியோ, நீங்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்பதைப் பற்றியோ அதோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் மன்னிப்பு புகாராகிவிடும். அவன் "ம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம், அழலாம், ஒன்றுமே சொல்லாமல் இருக்கலாம். பதில் கேட்டு நிற்க வேண்டாம். முதல் ஒரு வாரம் நீங்கள் விளையாடக் கூப்பிட்டால் "வேணாம்" என்றும் சொல்லக்கூடும், நிஜமாகவே தினமும் வருவீர்களா என்று பார்ப்பான். கட்டத்தைப் போட்டுக் காயை வைத்துவிட்டு நீங்கள் தனியாகவே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருங்கள். ஆட்டை நீங்கள் தப்பாக நகர்த்தும்போது அவனால் சும்மா இருக்க முடியாது.